முதல் கண்ணாடி

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு அந்த மெஷின் சிந்துஜாவுக்கே ரத்தப் புற்றுநோய் என்று சொல்லிவிட்டது.

வயிற்றெரிச்சல் தாங்காமல்தான் அவள் தன் விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தை வைத்துப் பார்த்தாள். முப்பத்தொரு வயது, நாலு இட்லியும் ஒரு வடையும் தின்றுவிட்டு ஸ்கூட்டியில் வந்த உடம்பு. அதையும் லேசர் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டுத் திரையில் கொஞ்சமும் கூசாமல் எழுதியது: எம்-3. நேற்று வைத்த மூன்று நோயாளிகளுக்கும் எம்-3. நாலாவதாக வைத்த கவிநிலாவுக்கும் எம்-3. ஊரில் உள்ளவர்களை எல்லாம் வரிசையில் நிறுத்தினாலும் இது அதையேதான் சொல்லும் போலிருந்தது. மலையைப் பெயர்த்துக் கொண்டுவந்து வைத்தாலும் எம்-3தான்.

சிந்துஜா மெஷினின் பக்கவாட்டில் ஓங்கி ஒன்று வைத்தாள். கைதான் வலித்தது.

மருத்துவமனை வேலூர் ரோட்டில், ஊர் முடிந்து வயல் தொடங்கும் இடத்தில் இருந்தது. ஏதோ ஓர் அறக்கட்டளை நடத்துவது. மாடிப்படிக்குக் கீழே அடைத்துக் கட்டிய அறையில்தான் அவளும் மெஷினும் மூன்று வருடமாகக் குடியிருந்தார்கள். சென்னை ஆராய்ச்சி நிலையம் ஒன்று அவளையும் அதையும் சேர்த்தே இங்கே அனுப்பியிருந்தது. வேலை இதுதான். நோய் பிடித்த ரத்த அணுக்கள் மேல் ஒளியைப் பாய்ச்ச வேண்டும். திரும்பி வரும் ஒளியில் துளியளவு நிறம் மாறி வரும். உள்ளே இருக்கும் மூலக்கூறுகள் எப்படி அதிர்கின்றனவோ அதற்கேற்ற மாற்றம் அது. அதைக் கோடாக வரைந்தால் மேடும் பள்ளமுமாக ஒரு படம் கிடைக்கும். ரத்தப் புற்றுநோயில் மரபணு எந்த இடத்தில் உடைந்திருக்கிறதோ அதைப் பொறுத்துக் கோடும் மாறும். கோட்டை வைத்து வகையைச் சொல்லிவிடலாம் என்பது ஆராய்ச்சி. வகை தெரிந்தால்தான் மருந்து தெரியும்.

மரபணுப் பரிசோதனைக்குச் சென்னைக்கு அனுப்பினால் ரிப்போர்ட் வர எட்டு நாளோ ஒன்பது நாளோ ஆகும். நடுவில் பண்டிகை வந்தால் பன்னிரண்டு. மெஷின் அரை மணி நேரத்தில் சொல்லும். இதுவரை நாற்பத்தொரு பேருக்குச் சொன்னதில் முப்பத்தொன்பது பேருக்குச் சென்னை ரிப்போர்ட்டும் அதையே சொன்னது. ஆனாலும் அது ஆராய்ச்சிதான், சிகிச்சைக்கு அதைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. பெரிய டாக்டர் ராமதாஸ் மட்டும் ரவுண்ட்ஸ் முடிந்து போகும்போது படிக்கட்டடியில் தலையை நீட்டி, "ஏம்மா, உன் டார்ச் லைட் இன்னா சொல்லுது?" என்று கேட்பார். கேலிதான். ஆனால் பதிலைக் காதில் வாங்காமல் ஒருநாளும் போனதில்லை. அந்த ஒரு கேள்விக்காகத்தான் சிந்துஜா மூன்று வருடம் இந்தப் பொந்தில் உட்கார்ந்திருந்தாள்.

சனிக்கிழமையும் அவர் கேட்டார். அவள் சொன்னாள். நாலு பேருக்கும் ஒரே வகை என்றதும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"நூறு பேர்ல எட்டோ பத்தோ பேருக்கு வர்ற வகைம்மா அது. ஒரே வார்டுல நாலு பேருக்குன்னா, தண்ணில கலந்து வுட்டுட்டாங்களா?"

மற்ற மூன்று பேர் பழைய நோயாளிகள். அவர்கள் வகை இன்னதென்று ஏற்கெனவே தெரியும், எதுவும் எம்-3 இல்லை. மெஷின் நிதானத்தில் இருக்கிறதா என்று பார்க்க அவர்களுடைய சாம்பிளை வாரத்துக்கு ஒருமுறை வைப்பது வழக்கம். ஆகவே அவர்களுக்கு ஒன்றும் ஆகிவிடப் போவதில்லை. சிக்கல் கவிநிலாவுக்குத்தான். அவளுக்கு என்ன வகை என்று இன்னும் யாருக்கும் தெரியாது.

கவிநிலாவுக்கு இருபத்திரண்டு வயது. அடி அண்ணாமலைக்காரி. ரமணாசிரமத்துப் பக்கம் வெள்ளைக்காரர்கள் வரும் ஒரு காபிக் கடையில் கல்லாவில் வேலை. கெண்டைக்காலில் நீல நீலமாகத் தடம் விழுந்ததை நின்றே வேலை செய்வதால் என்று நினைத்திருக்கிறாள். பல் தேய்க்கும்போது ரத்தம் வந்ததை பிரஷ் மேல் பழி போட்டிருக்கிறாள். வெள்ளிக்கிழமை காலை ஈறிலிருந்து ரத்தம் நிற்காமல் போகவும் ஆட்டோவில் தூக்கிப்போட்டு இங்கே கொண்டுவந்தாள் அம்மா. அந்த அம்மாதான் தனம். இதே படிக்கட்டடி அறையைப் பெருக்கி, கண்ணாடித் துண்டுகளைக் கழுவி, காயவைத்து, டப்பாவில் அடுக்கித் தரும் தனம்.

ராமதாஸ் மைக்ராஸ்கோப்பில் அணுக்களைப் பார்த்துவிட்டு வேறொரு வகை என்று முடிவு கட்டியிருந்தார். அதற்கான கீமோவைத் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஏற்றுவதாக ஏற்பாடு. அவர் நினைத்தபடியே இருந்தால் அது சரியான மருந்து. எம்-3ஆக இருந்தால் அதைப் போன்ற ஆபத்து வேறில்லை. எம்-3 என்பது பதினைந்தாம் குரோமோசோமும் பதினேழாம் குரோமோசோமும் ஆளுக்கொரு துண்டை மாற்றிக்கொள்வதால் வருவது. அதில் ரத்தம் உறையும் சக்தியே குலைந்துபோகும். வெறும் கீமோவை முதலில் ஏற்றினால் அணுக்கள் உடைந்து ரத்தப்போக்கு இன்னும் ஜாஸ்தியாகும், மூளைக்குள்ளும் கசியும். அதற்கென்றே ஒரு மாத்திரை இருக்கிறது, வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்தது. அதை உடனே கொடுக்க ஆரம்பித்தால் முக்கால்வாசிக்கு மேல் பிழைத்துக்கொள்வார்கள். இத்தனைக்கும் அந்த மாத்திரை கீழே மருந்தகத்தில் இரண்டு டப்பா சும்மா கிடந்தது.

ஆக, திங்கள் காலை பத்து மணிக்குள் கவிநிலா எந்த வகை என்று தெரிய வேண்டும். தெரிந்து சொல்ல வேண்டிய மெஷினோ பைத்தியம் பிடித்துக் கிடந்தது.

சிந்துஜா சர்வீஸ் இன்ஜினியர் பாலாஜிக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏழு முறை போன் செய்தாள். அவன் சென்னையில் இருந்தான்.

"மேடம், ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?"

"நாலு வாட்டி பண்ணிட்டேன்."

"கேபிள கழட்டி மாட்டினீங்களா?"

"மாட்டிட்டேன் பாலாஜி. லேசர் பவரும் பாத்துட்டேன், சரியா இருக்கு. கிளம்பி வாங்களேன்."

"எங்க மேடம் வர்றது? நேத்து பௌர்ணமி, ஆருத்ரா வேற. திரும்புற கூட்டத்துல கீழ்பென்னாத்தூர்லயே பஸ்ஸ நிறுத்திடுறாங்களாம். நாளைக்கு மத்தியானம் வந்துடறேன். இன்னொரு வாட்டி ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்களேன்."

போனை வைத்துவிட்டு அவள் திட்டியதை இங்கே எழுத முடியாது.

அவளுக்கு எல்லார் மேலும் கோபம் வந்தது. பாலாஜி மேல், பௌர்ணமி மேல், ஜன்னல்கூட இல்லாத அறை மேல், வெயில் ஏறினால் உளறும் ஏசி மேல். கோட்டைப் பார்த்து வகையைச் சொல்லும் மென்பொருளை எழுதிய சென்னைக்காரர்கள் மேல் தனியாக ஒரு கோபம். அந்த மென்பொருளையும் அழித்துவிட்டு மறுபடி ஏற்றினாள். எம்-3. ஏசியைக் குறைத்தாள். எம்-3. எல்லா சாம்பிளையும் புதுக் கண்ணாடியில் வைத்தாள். எம்-3.

சாயங்காலம் வார்டுக்குப் போனபோது கவிநிலா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து ஒரு கண்ணை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தாள். கை முழுக்க ஊசி குத்திய இடங்களில் கறுத்துப் போயிருந்தது.

"அக்கா, வலது கண்ல ஏதோ மறைக்குதுக்கா. நடுவுல கறுப்பா. மத்தியானத்துலேர்ந்து இப்படித்தான் இருக்குது."

"நர்ஸ்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். டாக்டர் டார்ச் அடிச்சுப் பாத்தாரு. உள்ள ரத்தம் கசிஞ்சிருக்குன்னாரு. உங்க மெஷின் இன்னாக்கா சொல்லுது? அம்மா சொல்லிச்சு, நீங்க கரெக்டா கண்டுபுடிச்சுடுவீங்கன்னு."

சிந்துஜாவால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. பார்த்துட்டு இருக்கேன்மா என்று எதையோ முணுமுணுத்துவிட்டு நேராக ராமதாஸ் அறைக்குப் போனாள்.

"சார், கண்ணுக்குள்ள ரத்தம் கசியுது. இவ்ளோ ரத்தப்போக்கு எம்-3லதானே ஜாஸ்தி? ஒருவேளை அவளுக்கு மட்டும் மெஷின் சொன்னது நிஜமா இருந்தா?"

"உனக்கும் எம்-3ன்னுதானே சொல்லிச்சு? உனக்கும் சேத்து மாத்திரை எழுதிடட்டுமா?" ராமதாஸ் கெட்டவர் இல்லை. இரண்டு நாளாகத் தூங்காதவர், அவ்வளவுதான். "பிளேட்லெட் கம்மியானா எந்த வகைலயும் ரத்தம் கசியும்மா. பிளேட்லெட் ஏத்தச் சொல்லிருக்கேன். ஒண்ணு, மெஷின நம்பச் சொல்லு. இல்ல, நம்பாதன்னு சொல்லு. ரெண்டையும் ஒரே வாயால சொன்னா நான் எத எழுதறது?"

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது. மெஷின் உண்மை சொன்னாலும் பொய் சொன்னாலும் கவிநிலா விஷயத்தில் அதே மூன்று எழுத்துத்தான் வரும். புலி வருது புலி வருது என்று கூவியவன் கதையாகிவிட்டது. புலி நிஜமாகவே வந்து நின்றாலும் திரும்பிப் பார்க்க ஆள் இல்லை.

திங்கட்கிழமை காலை ஆறரைக்கே அவள் வந்துவிட்டாள். திருவூடல் தெரு வீட்டிலிருந்து கிளம்பும்போது தேரடியில் இன்னும் குப்பை வாரிக்கொண்டிருந்தார்கள். வழியெல்லாம் ஒரே யோசனை. கடைசியாக ஆரோக்கியமான கோட்டை எப்போது பார்த்தேன்? நினைவுக்கு வரவில்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவள் கோட்டைப் பார்த்தே ஆறேழு மாதம் ஆகியிருந்தது. முதல் வருடம் ஒவ்வொரு கோட்டையும் அச்செடுத்துச் சுவரில் ஒட்டி, மேட்டுக்கு மேடு பென்சிலால் குறித்தவள் அவள். மென்பொருள் நன்றாக வேலை செய்யத் தொடங்கியதும் அது எழுதும் பெயரை மட்டும் படித்துவிட்டு எழுந்து போகப் பழகிவிட்டாள்.

அறைக்குப் போனதும் பெயர் எழுதும் பகுதியை அணைத்தாள். சனிக்கிழமையிலிருந்து பதிவான கோடுகளை அப்படியே ஒன்றன்மேல் ஒன்றாகத் திரையில் போட்டாள்.

எல்லாக் கோட்டிலும் இரண்டு பள்ளம். ஒரே இடத்தில், ஒரே அகலத்தில். ரத்தத்தில் இல்லாத பள்ளம். எதையோ கழித்ததால் விழுந்த பள்ளம்.

கழிப்பது என்றால் ஒன்றுதான் உண்டு. தினமும் காலையில் முதல் வேலையாக, ஒன்றும் தடவாத வெறும் கண்ணாடியை வைத்து மெஷின் ஒருமுறை பார்த்துக்கொள்ளும். கண்ணாடிக்கென்று இருக்கும் ஒளியை நினைவில் வைத்துக்கொண்டு, பிறகு ஒவ்வொருவர் ரத்தத்திலிருந்தும் அதைக் கழித்துவிடும். இதற்கென்றே ஒரு கண்ணாடி தனி டப்பாவில் இருந்தது. சாதாரணக் கண்ணாடி இல்லை, வெளிநாட்டிலிருந்து வருவது. அதனால் மூன்று வருடமாக அந்த ஒன்றையே கழுவிக் கழுவிப் பயன்படுத்தினார்கள். முதல் கண்ணாடி என்று அதற்குப் பெயர்.

அவள் முதல் கண்ணாடியின் கோட்டை மட்டும் தனியே திறந்தாள். வெள்ளிக்கிழமை வரை தரைபோலத் தட்டையாகக் கிடந்த கோட்டில் சனிக்கிழமை முதல் இரண்டு பெரிய மேடு. பக்கத்தில் பக்கத்தில், அகலமாக. இந்தப் படிப்பு படித்த யாரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார்கள். கரி.

சனிக்கிழமை காலை நினைவுக்கு வந்தது. கிரிவலக் கூட்டத்தில் ஸ்கூட்டி நகராமல் ஒரு மணி நேரம் தாமதமாக வந்து சேர்ந்திருந்தாள். முதல் கண்ணாடியை வைத்ததும் திரையில் மஞ்சளாக ஒரு கட்டம் வந்தது: 'வழக்கத்திலிருந்து மாறுபடுகிறது, தொடரலாமா?' ஆமாம் என்று அழுத்தியது இவள் விரல்தான். ஞாயிற்றுக்கிழமையும் வந்தது, அன்றைக்கும் அழுத்தினாள்.

ஆனால் கரி எங்கிருந்து வந்தது? ஜெனரேட்டர் புகையா? கற்பூரமா? கண்ணாடியை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். பளிச்சென்றுதான் இருந்தது. சாய்த்துப் பார்த்தபோது நடுவில் கட்டைவிரல் அகலத்துக்கு எண்ணெய் பிடித்தாற்போல் ஒரு மங்கல்.

கதவு திறந்தது. தனம் வாளியும் துடைப்பமுமாக உள்ளே வந்தாள். மூன்று ராத்திரி வார்டு வராந்தாவில் படுத்து எழுந்த முகம். நெற்றியில் விபூதிக்குக் கீழே, புருவ மத்தியில், கறுப்பாக ஒரு தீற்று.

சிந்துஜா அதையே பார்த்தாள்.

"தனம்க்கா, நெத்தியில இன்னா அது?"

"தீப மைம்மா. கார்த்திகைக்கு மலைமேல பதினோரு நாள் எரிஞ்ச தீபக் கொப்பரையோட மை. ஆருத்ராவுக்கு நடராஜருக்கு வெச்சு எடுத்தது. நெய் குடுத்தவங்களுக்குத்தான் தருவாங்க, பக்கத்து வூட்டு அருணாதேவி கொஞ்சம் குடுத்துச்சு. சனிக்கெழம விடியகாலைல வாங்கினு வந்தேன். பாப்பாக்கு வெச்சேன், நான் வெச்சுக்கினேன்." தனம் மெஷினைக் கைகாட்டினாள். குரல் தாழ்ந்தது. "இதுக்கும் வெச்சேம்மா."

"எதுக்கு?"

"இந்த முதல் கண்ணாடிக்கு. நீதானேம்மா சொன்னே, மெஷின் முதல்ல இதத்தான் பாக்கும், இது நல்லா இருந்தாதான் மத்ததெல்லாம் சரியா வரும்னு. எது எழுதினாலும் பிள்ளையார் சுழி போட்டுத்தானே எழுதறோம்? அன்னிக்கு என் பொண்ணு ரத்தத்த வெக்கப் போறீங்க. அதான் அண்ணாமலையார நெனச்சு நடுவுல துளியூண்டு வெச்சேன். வெச்சுட்டு நல்லா துடைச்சுட்டேம்மா. முந்தானையால ரெண்டு வாட்டி துடைச்சேன். ஒண்ணும் ஒட்டினு இல்லையே?"

சிந்துஜாவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நெய்யும் கரியும் கலந்த மை முந்தானையால் துடைத்தால் போகுமா? கண்ணுக்குத் தெரியாது, லேசருக்குத் தெரியும். இரண்டு நாள். இந்த ஒரு துளியால் இரண்டு நாள் போய்விட்டது, அந்தப் பெண்ணின் கண்ணுக்குள் ரத்தம் கசிந்துவிட்டது. யார் உங்களை இதைத் தொடச் சொன்னது என்று கத்த வாயைத் திறந்துவிட்டாள். நீ தொட்டதால்தான் உன் பெண்ணுக்கு இந்த நிலை என்பதுவரை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

தனம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மன் சன்னிதியில் பூ கேட்டு நிற்பவள் மாதிரி.

"தப்பாம்மா?"

மஞ்சள் கட்டத்தை இரண்டு முறை அழுத்திய விரலை சிந்துஜா உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள். "நீங்க வார்டுக்குப் போங்கக்கா. பாப்பாகூட இருங்க. பத்து மணி வரைக்கும் எனக்கு இங்க யாரும் வேணாம்."

பழைய கண்ணாடியை ஓரமாக வைத்தாள். நோயாளிகளுக்கென்று பிரிக்காமல் வைத்திருந்த பெட்டியிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்து அதை முதல் கண்ணாடியாக்கினாள். கோடு தட்டையாக வந்தது. இரண்டு நாள் கழித்து அவளுக்கு மூச்சு விட்டாற்போல் இருந்தது. பழைய நோயாளிகள் மூவரையும் வைத்தாள். அவரவர் பழைய வகைக்கே அவரவர் திரும்பிப் போனார்கள். தன் ரத்தத்தை வைத்தாள். நோய் இல்லை என்று வந்தது, அதற்கு நன்றி சொல்லக்கூட நேரமில்லை. கவிநிலாவை வைத்தாள்.

எம்-3.

கண்ணாடியைத் திருப்பி வேறு இடத்தில் வைத்தாள். எம்-3. இன்னும் பத்து இடத்தில் வைத்தாள். இந்த முறை பெயரைப் படிக்கவில்லை. கோட்டைப் பார்த்தாள், முதல் வருடத்து அச்சுப் படங்களைச் சுவரிலிருந்து கிழித்துவந்து பக்கத்தில் வைத்து மேட்டுக்கு மேடு ஒப்பிட்டாள். எம்-3தான்.

மணி ஒன்பது நாற்பது. காகிதங்களை அள்ளிக்கொண்டு ஓடினாள். வார்டு வாசலில் நர்ஸ் மருந்துப் பையைத் தாங்கியில் மாட்டிக்கொண்டிருந்தாள். ராமதாஸ் கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

"சார், ஏத்தாதீங்க. எம்-3 சார்."

ராமதாஸ் நிமிர்ந்தார். "சனிக்கெழம சொன்னே எம்-3. நேத்தும் எம்-3. இன்னிக்கும் வந்து அதையே சொல்றே. இன்னாம்மா வித்தியாசம்?"

"மத்தவங்க எல்லாருக்கும் மாறிடுச்சு சார். பழைய மூணு பேருக்கும் சரியா வருது. எனக்கு நோய் இல்லைனு வருது. இவளுக்கு மட்டும் மாறல. நாலு பேருக்கும் பொய் சொன்ன காரணம் கெடச்சிடுச்சு. அதை எடுத்த பிறகும் இவளுக்கு நிக்குது சார்." அவளுக்குக் குரல் உடைந்தது. கோபத்திலா அழுகையிலா என்று அவளுக்கே தெரியவில்லை. "மறுபடியும் ஒரு தடவ மைக்ராஸ்கோப்புல பாருங்க சார். பத்து நிமிஷம். பத்தே நிமிஷம் அந்தப் பைய மாட்டாம இருக்கச் சொல்லுங்க."

அவர் காகிதங்களைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். பேனாவை மூடிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மைக்ராஸ்கோப் அறைக்கு நடந்தார். பத்து நிமிடம் என்றது இருபத்தைந்து நிமிடம் ஆனது. அவ்வளவு நேரமும் சிந்துஜா நர்ஸுக்கும் மருந்துப் பைக்கும் நடுவில் நின்றாள்.

திரும்பி வந்தவர் முகத்தில் கேலி இல்லை.

"உட்கரு ரெண்டா மடிஞ்ச மாதிரி இருக்கு. அங்கங்கதான் தெரியுது. வழக்கமா எம்-3ல பொடிப்பொடியா துகள் தெரியும், இதுல இல்ல. துகளே இல்லாத எம்-3யும் ஒண்ணு இருக்கு. நான் தவற விட்டேன்." நர்ஸ் பக்கம் திரும்பினார். "சிஸ்டர், பைய எடுத்துடுங்க. ரத்தம் உறையற டெஸ்ட் உடனே அனுப்புங்க. பார்மசிலேர்ந்து அந்த மாத்திரைய எடுத்தாங்க, முதல் டோஸ் இப்பவே குடுக்கணும்."

பிறகு சிந்துஜாவிடம் மெல்லக் கேட்டார். "இன்னா காரணம்? எப்படிக் கெட்டுச்சு மெஷின்?"

அவருக்குப் பின்னால் கட்டிலருகே தனம் மகளின் காலைப் பிடித்தபடி இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முதல் கண்ணாடில கரி படிஞ்சிருந்தது சார். மெஷின் ரெண்டு நாளும் எச்சரிச்சிருக்கு. நான் பாக்காம ஆமான்னு அழுத்திட்டேன். கோட்டையும் பாக்கல. என் தப்பு."

அதையே அவள் சென்னைக்கும் எழுதி அனுப்பினாள். அடுத்த வருடம் இந்த வேலை நீட்டிக்கப்படுமா என்பது பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது. எழுதியதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. சொல்லாமல் விட்டது ஒன்றே ஒன்று.

மாத்திரை தொடங்கிய ஐந்தாம் நாள் ஈறில் ரத்தம் நின்றது. கீமோவை அதற்குரிய முறையில் பிறகு கொடுத்தார்கள். பொங்கல் முடிந்து மரபணு ரிப்போர்ட் வந்தபோது பதினைந்தும் பதினேழும் துண்டு மாற்றிக்கொண்டது அதில் தெளிவாக இருந்தது. ராமதாஸ் அதை எடுத்துக்கொண்டு தானே படிக்கட்டடிக்கு வந்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

கவிநிலா பிழைத்துக்கொண்டாள். வலது கண் மட்டும் முழுசாகத் திரும்பவில்லை. ஓரத்தில் இருப்பதெல்லாம் தெரிகிறது. நேரே பார்த்தால் நடுவில் கறுப்பாக ஒரு பொட்டு. சனிக்கிழமையே மாத்திரை கொடுத்திருந்தால் அந்தக் கண் தப்பித்திருக்குமா என்று சிந்துஜா கண் டாக்டரிடம் கேட்டாள். தப்பித்திருக்கலாம் என்றார் அவர். கேட்காமலே இருந்திருக்கலாம்.

தை மாதக் கடைசியில் ஒருநாள் காலை தனம் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். இடுப்பிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். உள்ளே மீதி மை.

"பாப்பாவ நாளைக்கு வூட்டுக்கு அனுப்பறாங்கம்மா. எல்லாம் அண்ணாமலையார் பாத்துக்கினாரு. அன்னிக்கு மட்டும் நான் அந்தக் கண்ணாடில மை வெக்காம இருந்தா உன் மெஷினு கண்டுபுடிச்சிருக்குமா? சொல்லு. வார்டுல இன்னிக்குப் புதுசா ஒரு பொண்ணு வந்துக்குது. போளூர்காரங்க. பாவம், சின்ன வயசு. அதுக்கும் இதே மாதிரி முதல் கண்ணாடில…"

விரல் நுனியில் மையைத் தொட்டுக்கொண்டு அவள் மெஷினை நோக்கி ஓரடி எடுத்து வைத்தாள்.

சிந்துஜா எழுந்து குறுக்கே வந்து நின்றாள். ஐந்து வாரமாக விழுங்கி விழுங்கி வைத்ததெல்லாம் அப்படியே வாய்க்கு வந்தது. சொல்லிவிட்டால் தனக்கு லேசாகிவிடும். அந்தக் கறுப்புப் பொட்டை ஆயுசு முழுக்கத் தனம் சுமப்பாள். மகள் முகத்தை நேருக்கு நேர் பார்க்கும் ஒவ்வொரு நாளும் சுமப்பாள்.

"கண்ணாடிக்கு வேணாம்க்கா," என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னாள். "எனக்கு வெச்சு வுடுங்க."

தனத்துக்கு முகமெல்லாம் மலர்ந்தது. சிந்துஜாவின் முகவாயைப் பிடித்து நிமிர்த்தி, புருவ மத்தியில் அழுத்தித் தீற்றினாள். நெய் வாடை அடித்தது.

"இனிமே அந்த முதல் கண்ணாடிய யாரும் தொடக்கூடாதுக்கா. கழுவறதும் நானே கழுவிக்கறேன்."

"நானுமாம்மா தொடக்கூடாது?"

"யாருமே தொடக்கூடாது."

தனம் வாளியை எடுத்துக்கொண்டு போனதும் அவள் குழாயடியில் சோப்புப் போட்டு முழங்கை வரை கை கழுவினாள். நெற்றியையும் தேய்த்துக் கழுவினாள். இரண்டு முறை தேய்த்தும் துவாலையில் கறுப்பு வந்தது, மூன்றாம் முறை வரவில்லை. பிறகு புதுக் கையுறை மாட்டிக்கொண்டு, தன் மேசை டிராயரின் பூட்டைத் திறந்து முதல் கண்ணாடியை எடுத்து வைத்தாள். கோடு வரும்வரை திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தட்டையாகத்தான் இருந்தது. போளூர்ப் பெண்ணின் சாம்பிளைக் கொண்டுவரச் சொல்லி வார்டுக்குப் போன் போட்டாள்.